துடிசாமியும் வேப்பமரக் காலும்

கல்வராயன் மலை அடிவாரத்தில் இப்போது யாருக்காவது கால் துடித்தால் அவர் நோயாளி அல்ல, பாக்கியசாலி. துடிசாமியைத் தரிசிக்கலாமே! கள்ளக்குறிச்சியிலிருந்து ஷேர் ஆட்டோ, தியாகதுருகத்திலிருந்து வேன், போதாததற்கு யூடியூபில் பாட்டு. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் வரிசையில் நின்று நின்று கால் துடிக்க ஆரம்பித்துவிடும். சாமியின் மகிமை.

சாமி யார் காலையும் தொடமாட்டார். தீட்டாம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வெளியே ஒரு கயிற்றுக் கட்டில். அதில் படுத்து, திரைக்கு அடியில் வரும் மஞ்சள் நூலைக் காலில் கட்டிக்கொள்ள வேண்டும். மறுநுனியைப் பிடித்தபடி சாமி துடிப்புக்குக் காரணம் சொல்வார். காணிக்கை ஆட்டை மட்டும் கையாலேயே பிடித்துக்கொள்வார். அதற்குத் தீட்டு கிடையாது.

கரும்பு வெட்டும் பூமாலைக்குக் கொஞ்ச நாளாகக் கெண்டைக்கால் துடித்தது, தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி. கால் போனால் பிழைப்பும் போய்விடுமே என்று பயந்து செத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்தார்.

"பலம் நல்லாத்தான் இருக்கு. எதனாலன்னு உறுதியா சொல்ல முடியல. அலுப்பா இருக்கலாம், தூக்கம் கம்மியா இருக்கலாம். டீயைக் குறைங்க. பலம் குறையற மாதிரி தெரிஞ்சா உடனே வாங்க."

உறுதியாகத் தெரியாதாம்! இவரெல்லாம் ஒரு டாக்டரா? பூமாலை நேராக துடிசாமியிடம் போனார். சாமிக்கு எல்லாமே உறுதியாகத் தெரிந்தது. வெட்டுப்பட்டுச் செத்த ஆவி ஒன்று காலைப் பிடித்திருக்கிறது. அமாவாசைக்குள் ஒரு சினை ஆடு கொடுக்காவிட்டால் கால் முடங்கிவிடும்.

வீட்டில் இருந்ததே ஒரு சினை ஆடு. மனைவி கொளஞ்சியம்மாள் குட்டியிலிருந்து வளர்த்தது. மகள் மலர்விழியைக் காலேஜில் சேர்க்க அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

"குடுத்துடலாம் கொளஞ்சி. காலு போச்சின்னா இன்னா பண்றது?"

"குடுக்கலாம். நான் ஒருவாட்டி பாத்துட்டுக் குடுக்கறேன். நீ வாயத் தொறக்காம வா."

மறுநாள் கட்டிலருகே வந்ததும் கொளஞ்சியம்மாள் கணவனை ஓரமாக நிற்க வைத்தாள். குனிந்து நூலைக் கட்டினாள்.

"கட்டியாச்சா?" என்றது திரை.

"கால்ல கட்டிட்டேன் சாமி."

அதில் பொய்யே இல்லை.

"அடேயப்பா, இன்னா துடி துடிக்குது! ஓயாம அலைஞ்சிக்கினு இருக்கற காலு. வெட்டுப்பட்டுச் செத்தது ஒண்ணு ஏறிக்கினு இருக்கு. ஆடு குடுக்கலைன்னா காலு முடங்கிப் போயிடும்!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொளஞ்சியம்மாள் திரையை இழுத்து விலக்கினாள்.

"வெட்டுப்பட்டது நெசந்தான் சாமி. வேப்பமரத்த வெட்டித்தான் இந்தக் கட்டில் கால செஞ்சாங்க. ஆனா எங்கயும் அலையல, இங்கியேதான் நிக்குது. இன்னும் மூணு காலு கீது, அதுங்களுக்கும் பாத்துச் சொல்லேன்!"

அன்று நிஜமாகவே துடித்தவை சாமியின் கால்கள்தான். பின்பக்கமாக எடுத்த ஓட்டத்தில் செருப்பைக்கூட மறந்துவிட்டார். "மரத்துல இருந்த ஆவியவே கண்டுபுடிச்சாரே, சக்தி இல்லாமலா?" என்று உருகினார் ஒரு பக்தர். அவரை எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது.

ஆடு இரண்டு குட்டி போட்டது. பூமாலை டீயைக் குறைத்திருக்கிறார். கால் இன்னும் எப்போதாவது துடிக்கிறது.

"கொளஞ்சி, துடிக்குது."

"துடிச்சிட்டுப் போவுது வுடு. உசுரு இருக்கற காலு. கட்டில் காலா, சும்மா கெடக்க?"

உயிருள்ள கால் துடிக்கத்தான் செய்யும். உங்கள் தலைக்குள் இருக்கும் மூளையும் உயிருள்ளதுதானே மக்களே? அதையும் கொஞ்சம் துடிக்க விடுங்கள்!