வாயில் வராத ‘வாங்க’

அன்பு மச்சான் ராஜ்மோகனுக்கு,

விருத்தாசலத்திலிருந்து உன் மாமா கோதண்டபாணி எழுதுவது. நானும் உன் அக்கா கனகாவும் மகள் மதிவதனியும் கழுத்தில் காயமின்றி நலம். சென்னையில் நீயும் உன் தொண்டையும் நலமாயிருக்கப் பழமலைநாதரை வேண்டுகிறேன். போனில் உன் குரலைக் கேட்கும் தைரியம் இல்லாததால் கடிதம்.

நிற்க. வெள்ளைக்காரன் காலத்து ரத்தக்காட்டேரி நாவலை ஒலிப்புத்தகமாக வாசித்து அனுப்பியிருந்தாயே, அதே நாவலை அச்சில் படித்து முதல் அத்தியாயத்திலேயே தூங்கிப்போனவன் நான். கடலூர்த் துறைமுகத்தில் வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்த துபாஷி ஒருவன்தான் காட்டேரி. வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொன்னால்தான் அவனால் வாசற்படி தாண்ட முடியும். புத்தகத்தில் அது வெறும் ஒரு வரி. நீயோ அவனைக் கத்தவிடவில்லை, சிரிக்கவிடவில்லை, பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி மரியாதையாக “உள்ள வரலாங்களா?” என்று கேட்கவைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாய். அந்தச் சும்மாவில் உன் மூச்சு மட்டும் கேட்டது. செராமிக் கம்பெனியில் சூளையிலிருந்து கப்பு இறக்கிக்கொண்டே கேட்டேன். அந்தச் சூட்டிலும் எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு.

அதோட போயிருந்தா பரவால்ல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் வேப்பூர்லேர்ந்து மதிவதனியப் பொண்ணு பாக்க வராங்க, அவளே பிரியப்பட்டுச் சொன்ன இடம், அந்த நேரம் பாத்துக் கரண்டு போயிடுச்சு, உங்க அக்கா அடுப்படியில கேசரி கிளறுறா, தட்டுற சத்தம் கேட்டு நான் கதவத் தொறக்கறேன், மாப்பிள்ளையோட அப்பா அர்ச்சுனன் மங்கல் வெளிச்சத்துல நின்னுக்கிட்டு, நிதானமா, “உள்ள வரலாங்களா?”ன்னாரு. மச்சான், அது அச்சு அசலா நீ கேட்ட மாதிரியே இருந்துச்சு. எனக்கு ‘வா’ வரைக்கும் வந்துச்சு, ‘ங்க’ வரல. அவரு காத்துக்கிட்டு நிக்கறாரு, பின்னாடி அவங்க வூட்டம்மா பூத்தட்டோட நிக்கறாங்க, நான் அவரு பல்லையே பாத்துக்கிட்டு நிக்கறேன். அவரு ஒரு கால எடுத்து முன்னாடி வெச்சாரு. கதவச் சாத்தித் தாப்பாளப் போட்டுட்டேன்.

“ஏங்க, யாரு வந்தது?”ன்னு ஓடியாந்தா உங்க அக்கா.

“யாரா இருந்தாலும் வாங்கன்னு மட்டும் சொல்லிடாத கனகா.”

அவ என்னத் தள்ளிட்டுத் தொறந்தா, அவங்க காரு தெருமுனை திரும்பிடுச்சு. அன்னைலேர்ந்து உங்க அக்கா எனக்குச் சோறு வைக்கறா, பேசறதில்ல. பொண்ணு என் மூஞ்சியவே பாக்கறதில்ல. இனிமே நீ சமையல் புத்தகம் ஏதாச்சும் வாசிடா.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
கோ. மாமா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அர்ச்சுனன் போன் செய்தார். “சம்பந்தி, மன்னிச்சிக்குங்க. உங்க பொண்ணு எங்க பையனுக்கு அனுப்பின உங்க மச்சானோட துபாஷி கதையத்தான் வழியெல்லாம் கார்ல காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டு வந்தேன், உங்க வாசல்ல நின்னதும் வாயி அப்படியே கேட்டுடுச்சு. எங்க வூட்டம்மாவுக்குத்தான் கோவம். அவங்களுக்கும் போட்டுக் காட்டினேன், இப்ப கொல்லப்பக்கம் தனியாப் போகமாட்டேங்கறாங்க” என்றார். ஆகவே மேலே திட்டியதை மறந்துவிடு. நிச்சயதார்த்தத்தன்று நீ நேரில் வந்து வாசிக்க வேண்டுமாம். பகலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.