வாழைத்தாரில் பாய்ந்த மனச்சோர்வு

உலக வில்வித்தையின் வரலாறு, ராயப்பன்பட்டியில் எங்கள் கழகம் தோன்றிய நாளில்தான் உண்மையில் தொடங்குகிறது. அதற்கு முன்பு மனிதர்கள் வில்லை எடுத்தார்கள், எய்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். எய்கிறவரின் மனம் களைத்திருக்கிறதா என்று ஒருவரும் ஒரு படிவத்தில்கூடக் கேட்டதில்லை. அந்த இருண்ட காலத்தை முடித்துவைத்தது 'கம்பம் பள்ளத்தாக்கு மரபு வில்வித்தை மற்றும் மனக்குவிப்புக் கழகம்'. அதன் செயலாளர் அடியேன். ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்காணித்தேன் என்பது இங்கே தேவையில்லை.

கழகத்தில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். நாற்பத்தொரு பேர் நிர்வாகிகள். மீதி ஒருத்தி அனிதா மேரி. அவள்தான் அம்பு எய்கிறவள்.

விடியற்காலையில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போவாள். எந்தக் கொடியை விடுவது, எதை நறுக்குவது என்று நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மூங்கில் வில்லோடு மைதானத்துக்கு வருவாள். ஐம்பது அம்பு எய்வாள். போய்விடுவாள். பயிற்சி என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த வெள்ளந்தி.

முதலாண்டு நிறைவு விழாவுக்கு ஒரு பிளக்ஸ் அடித்து மைதானத்தில் கட்டினோம். அதில் நான் அம்பு தொடுத்து, நாணைக் காது வரை இழுத்து, பார்ப்பவரை நேருக்கு நேர் குறிவைக்கிறேன். பின்னால் மலை. தலைக்குப் பின்னால் மங்கலாக ஒரு வட்டம். படம் எடுத்த கார்த்திக்ராஜ், பின்னணி மங்கலாக இருந்தால்தான் முகத்துக்கு 'எடுப்பு' என்றான். தலைவர் சுயம்புலிங்கம் ஏலக்காய் வியாபாரி. எதையும் முகர்ந்து பார்த்தே தரம் சொல்கிறவர். பிளக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு, "யோவ் செயலாளரே, ஒமக்கு ஒளிவட்டமே விழுந்திருக்குய்யா" என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

படம் எடுத்த அதே வாரத்தில்தான் அசம்பாவிதம் நடந்தது. மைதானத்தை ஒட்டிச் செவ்வாழை போட்டிருக்கும் சுருளிவேல், தோளில் ஒரு தாரோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார். தாரின் நடுவில் ஓர் அம்பு நின்றது.

"நேத்து தண்ணி பாச்சிக்கிட்டிருந்தேன். தலைக்கு மேல ரெண்டு சாண்ல சர்ருன்னு வந்து சொருகுது. தாரு போனாப் போகுது, அத விடுங்க. எய்தவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு தடவ நேர்ல பாத்துக்கிறேன்."

அவர் கையைப் பார்த்தேன். மண்வெட்டிக் காம்பு மாதிரி இருந்தது.

உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்க என்னைச் சொன்னார்கள். "படத்துக்குப் பிடிச்சதத் தவிர வில்லையே தொடாத ஆளு நீருதான். ஒம்மளவிட நடுநிலையானவரு யாரு?" என்றார் தலைவர். மறுக்க முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

குழு நான்கு அமர்வுகளில் பதினெட்டுத் தட்டு பஜ்ஜியை ஆராய்ந்து ஒருமனதாக முடிவுக்கு வந்தது. அறிக்கையின் சாரம்: அம்பு வழி தவறியதற்குக் காரணம் மனிதர் அல்லர், மனச்சோர்வு. எய்கிறவருக்கே எய்தலில் மனச்சோர்வு வரும். கழகத்தில் எய்கிறவர் அனிதா மேரி ஒருத்தியே. எனவே சோர்வு அவளுடையது. எனவே அம்பும் அவளுடையது. எனவே, அவளுடைய நலன் கருதி, இருபத்தொரு நாள் 'கட்டாய மன ஓய்வு'. அந்த நாட்களில் அவள் வில்லைத் தொடக் கூடாது. நினைப்பதையும் குறைத்துக்கொள்வது நல்லது.

ஆணை கிடைத்த அன்றே வந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு நான் இங்கன வரவே இல்ல. அனுமந்தம்பட்டில கவாத்துக்குப் போயிருந்தேன்."

"வந்துட்டுப் போனதே நெனப்புல இல்லாத அளவுக்குச் சோர்வு" என்று தலைவர் என் காதில் சொன்னார். குறிப்பேட்டில் ஏற்றினேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை தேனில செலக்சன் சார். கழகத்து லெட்டர் இல்லாட்டி உள்ளயே விட மாட்டாக. அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும். இந்த ஒரு வாட்டிதான்."

அவள் குரல் உடையவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றாள், அவ்வளவே. எனக்குத்தான் நாற்காலி உறுத்தியது.

"கழகம் கல்நெஞ்சம் படைத்ததல்ல" என்றேன். "சோர்வு இல்லை என்று நிரூபி. கடிதம் தருகிறேன்."

வியாழக்கிழமை மாலை சோதனை. ஆறு அம்புகள். ஒவ்வோர் அம்புக்கு முன்பும் நான் உருவாக்கிய 'படிவம் 3-அ, மனச்சோர்வு சுய அறிவிப்பு' நிரப்பப்பட வேண்டும். முப்பத்தெட்டே கேள்விகள். முதல் கேள்வி: தற்போது தங்கள் மனம் எங்கே உள்ளது? (கிராமம், வட்டம், மாவட்டம் குறிப்பிடுக.) பதினான்காவது: கடைசியாக எப்போது எதையும் நினைக்காமல் இருந்தீர்கள்? (சான்று இணைக்கவும்.) முப்பத்தெட்டாவது: இப்படிவத்தை நிரப்பியதால் களைப்பு ஏற்பட்டதா? ஆம் எனில் படிவம் 3-ஆ நிரப்புக.

பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் சுருளிவேலுக்கும் ஒரு நாற்காலி போட்டோம். அவர் தாரையும் கொண்டுவந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

அனிதா மேரி முதல் படிவத்தை நிரப்பினாள். மனம் எங்கே என்ற இடத்தில் 'இங்கனதான்' என்று எழுதியிருந்தாள். எய்தாள். பலகையின் நடு மஞ்சளில் நின்றது. இரண்டாம் படிவம். மஞ்சள். மூன்றாம் படிவத்தில் பேனா மக்கர் செய்தது, கண்ணைக் கசக்கிக்கொண்டாள், விரலை உதறிக்கொண்டாள். எய்தாள். அம்பு மஞ்சளை விட்டு விலகி நீலத்தில் போய் நின்றது.

குழு எழுந்து நின்று கை தட்டியது.

"பாத்தீகளா, சோர்வு! கண்ணுக்கு முன்னால சோர்வு!" என்று தலைவர் துள்ளினார். அறிவியல் வெற்றி பெறும்போது யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது?

"மனசு சோரல சார்" என்றாள் அவள். "எழுதி எழுதிக் கைதான் சோருது. ஒண்ணு கேக்கவா? பலகை கெழக்க மலைப்பக்கம் இருக்கு. அண்ணன் தோப்பு மேக்க இருக்கு. நான் தப்பா எய்தாலும் மலையிலதான போயி விழுகும்? முதுகுப் பக்கம் எப்பிடி சார் போகும்?"

"அதுதான் சோர்வின் கடுமை" என்றேன்.

சுருளிவேல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து மீதிப் படிவங்களை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"குடு தாயி. நான் எழுதுறேன், நீ எய்யி."

"விதியில் இடமில்லை" என்றேன்.

"எந்த விதியில எழுதியிருக்கு?"

விதிகளை எழுதியவன் நான். அதை எழுத மறந்திருந்தேன்.

அவர் பிளக்ஸுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மனம் எங்கே உள்ளது... வாழைத்தோப்பு. கடேசியா எப்ப நெனைக்காம இருந்தீக... செயலாளரு பேசையில." அவர் எழுதிக்கொண்டிருக்க, அவள் எய்தாள். மஞ்சள். மஞ்சள். மஞ்சள். மூன்று அம்பும் ஒரே கைப்பிடிக்குள் அடங்கும்படி நின்றன. தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் தளரவில்லை. 'சோர்வு ஒளிந்துகொண்டுள்ளது' என்று எழுதத் தொடங்கினேன். அப்போதுதான் சுருளிவேல் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, சோம்பல் முறித்து, தலைக்கு மேலிருந்த பிளக்ஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார்.

"ஏப்பா செயலாளரு, ஒனக்குப் பின்னால மலை தெரியுது."

"கார்த்திக்ராஜின் யோசனை" என்றேன். "மலை இருந்தால் கம்பீரம்."

"அது சரி. மலை ஒம் முதுகுப் பக்கம்னா, நீ வில்லோட பாத்து நிக்கிறது எந்தப் பக்கம்?"

"அது கலைநயம் சார்ந்த விஷயம்."

"இழுத்த நாண எம்புட்டு நேரம் பிடிச்சிருந்த?"

"பன்னிரண்டு படம் எடுத்தான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அனிதா மேரியும் வந்து பிளக்ஸைப் பார்த்தாள். அவள் கண் மலையில் நிற்கவில்லை. நேராக என் தலைக்குப் பின்னால் போய் நின்றது. கவாத்து வெட்டுகிறவர்களின் கண் பொல்லாதது. எது வேண்டும், எது வேண்டாம் என்று உடனே கண்டுகொள்ளும். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். தயாராக எழுதிக் கொண்டுவந்திருந்த கழகக் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்து, சுருளிவேல் காதிலிருந்த பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவே வைத்தாள்.

"சார், ஒரு கையெழுத்துத்தான். போட்டா நான் கெளம்பிருவேன். அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

போட்டேன். கழக முத்திரையும் குத்தினேன். கேட்காமலே இரண்டு இடத்தில் குத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை தேனியில் அவள் முதலிடம். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். பாராட்டு விழாவில் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார்: மனச்சோர்வை வென்ற முதல் பள்ளத்தாக்கு இதுவே, இது எங்கள் படிவங்களின் வெற்றி. ரகசியம் என்ன என்று யாரோ கேட்டபோது அனிதா மேரி ஒலிபெருக்கியில் சொன்னாள்: "அங்கன படிவம் குடுக்கல."

கடைசியாகச் சுருளிவேல் மேடையேறினார். எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. அதற்குள் பழுத்துவிட்டிருந்த அந்தச் செவ்வாழைத் தாரை அம்போடு அப்படியே என் தோளில் ஏற்றினார். கூட்டம் கை தட்டியது. அவர் என் காதருகே குனிந்தார்.

"பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல? பாத்துட்டேன்."

பழம் நன்றாக இருந்தது. பிளக்ஸ் இன்னும் மைதானத்தில்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் என் ஒளிவட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அது இலக்குப் பலகை.