கட்டிலுக்கடியில் கம்பெனி சைலன்சர்

இந்த இனத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் காதால் கேட்டுவிடுவீர்கள். தெருமுனை திரும்பும்போதே ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும், நிறுத்தி வைத்த கார்கள் தாமாகவே அலறும், குழந்தை வீரிட்டு அழும், அதை ஒரு மணி நேரம் மல்லாடித் தூங்கவைத்த தாய் வாய்க்குள் ஏதோ சொல்வாள். அது வாழ்த்து அல்ல. இத்தனைக்கும் நடுவில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவர்போல ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். அவர்தான் உறுமல்காரர்.

யாரோ இளவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பக்கத்து வீட்டு உறுமல்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. மூட்டுவலி உண்டு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மூன்றாவது மேஜை. அவர் வைக்கும் வணக்கத்துக்கு மேலாளர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. லிஃப்டில் யாராவது அவர் காலை மிதித்த பிறகுதான் "அட, நீங்களா" என்பார்கள். இப்படிப்பட்டவருக்கு ஒரு தெருவையே திரும்பிப் பார்க்கவைக்கும் சைலன்சர் குழாய் கிடைத்தால் விடுவாரா?

நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"சார், சத்தம் கொஞ்சம்..."

"இது சத்தம் இல்ல சார், பேஸ் மியூசிக். அதோட, பாதுகாப்பு. எதிர்ல வர்றவனுக்குத் தெரிய வேணாமா?"

எதிரில் வருகிறவனுக்குத் தெரிவிக்க, பின்பக்கம் குழாய் எதற்கு என்று கேட்டேன். காதில் விழவில்லை என்றார். நிஜமாகவே விழவில்லை.

அவருக்குச் சட்டம் தெரியாது என்று யார் சொன்னது? எத்தனை டெசிபல் வரை போகலாம், மீட்டரைக் குழாயிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், ஆய்வாளர் எந்த வரியைப் படிக்காமல் விடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வண்டியோடு வந்த சாதுவான கம்பெனி சைலன்சரைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். வருடத்தில் ஒருநாள், பரிசோதனையன்று மட்டும், அது வெளிச்சம் பார்க்கும்.

அவருக்கு ஒரு மகள். படிப்பை முடித்தவள். ஒரு மாதமாக அவள் தினமும் காலையில் கேட்டருகே வந்து நிற்பதைப் பார்த்தேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்னேன்!"

"இன்ஜின் சூடாகுதும்மா, சாயங்காலம் சொல்லு!"

சாயங்காலம் அவர் மெக்கானிக்கிடம் போனில் பேசிக்கொண்டிருப்பார். புதுக் குழாய்க்கு இன்னும் கொஞ்சம் கனம் கூட்ட முடியுமா என்பதுதான் பேச்சு. மகள் கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இந்த வருடப் பரிசோதனை நாள் வந்தது. போர்வை பிரிந்தது, மெக்கானிக் குழாயை மாற்றினார், ஆய்வாளர் மீட்டரைப் பிடித்தார். "எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல சார்" என்றார். நம்மவர் கொஞ்சமும் கூசாமல் அடக்கத்தோடு தலையாட்டியிருக்கிறார். திரும்பி வந்தால் மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். வேறு வழியில்லாமல், அலுவலகத்துக்கு லீவு போட்ட அந்த மத்தியானம், அந்தக் கம்பெனி சைலன்சரோடேயே வீட்டுக்கு வந்தார்.

தெருவில் ஒரு தலை திரும்பவில்லை. என் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான்கூட, அவர் கேட் தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் பார்த்தேன். அவர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"திங்கக்கிழமை வேலைல சேரச் சொல்லிட்டாங்கம்மா. அந்த ஊர்ல ரூம்கூடப் பாத்தாச்சு. அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்."

"நான் எங்கடி சொல்ல? ஆறு தடவ ஆரம்பிச்சேன். ஆறு தடவையும் ஆக்சிலேட்டர முறுக்கிட்டாரு."

"அதுவும் ஒரு வசதிதான்மா. தெருமுனைலயே தெரிஞ்சிடுது. பேச்ச நிறுத்திக்கலாம்."

மறுபடி சிரிப்பு.

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. இத்தனை நாள் அந்த மனிதரைத் திட்டியவன் நான், எனக்கே பாவமாக இருந்தது. உள்ளே போய், "எந்த ஊர்மா?" என்று கேட்டால் போதும். இரண்டே வார்த்தை. அதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

அவர் உள்ளே போகவில்லை. வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல், மூட்டுவலியோடு, தெருமுனை வரை கையால் தள்ளிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடிகள் நடுங்கின. அவர் வீட்டுக்குள் பேச்சு நின்றது. "வந்துட்டீங்களா" என்று மனைவி கதவைத் திறந்தார்.

திங்கட்கிழமை காலை மகள் பெட்டியோடு கேட்டருகே வந்தாள். அவர் இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். மாடியிலிருந்து பார்த்த எனக்கு அவருடைய இன்னொரு கையும் தெரிந்தது. அது ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தது.

உங்களிடம் மோட்டார் சைக்கிளே இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் வாசலிலேயே ஒரு செருமல், செருப்பை உதறும் சத்தம், ஊருக்கே கேட்கும் போன் பேச்சு என்று ஏதோ ஒன்று உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைகிறதா? ஒருநாள் அரை மணி நேரம் முன்னதாக, சத்தமே இல்லாமல் போய் நின்று பாருங்கள். உள்ளே சிரிப்புக் கேட்டால், நீங்கள் நுழைந்த பிறகும் அது தொடர்கிறதா என்று கவனியுங்கள்.

நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது.