என் மேற்கோள்களுக்காகச் சபை ஜெபித்த கதை

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமா? தன் கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று அவர் ஒரு நாளில் எத்தனை தரம் போனைத் திறந்து பார்க்கிறார் என்று கவனியுங்கள். அதிகம் பார்க்கிறவர் சின்ன ஆள். நான் மிக மிகச் சின்ன ஆளாக இருந்தேன்.

மும்பையில் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் எனக்கு உயிர்வேதியியல் வேலை. நாவல்கொட்டைச் சாறு, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியை மந்தமாக்குகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தேன். வேறொருவர் தன் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால் ஒரு மேற்கோள். பதவி உயர்வு நேர்காணலில் முதலில் அந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு ஒன்பது. (அதில் நாலு நானே என்னைக் குறிப்பிட்டது. சொந்தக் கல்யாணத்துக்கு நாமே மொய் எழுதிய மாதிரி.)

பஸ் சயான் சிக்னலில் நின்றால் பார்ப்பேன். கிங்ஸ் சர்க்கிளில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டே பார்ப்பேன். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுப் பிசையாமல் பார்ப்பேன். நேர்காணல் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது, வீட்டில் மற்றவர்களுக்குப் பொறுமை போனது.

தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் அப்பா ஒருநாள் கேட்டேவிட்டார்.

“ஏட்டி, அந்தப் போன்ல அப்பிடி என்னத்தத்தான் பாக்குத?”

“என் கட்டுரையப் பத்தி யாராச்சும் எழுதிருக்காவளான்னு பாக்குதேன்ப்பா. நெறைய பேரு எழுதுனாத்தான் பிரமோஷன்.”

“அவ்ளோதான? பாஸ்டர்ட்ட சொல்லுதேன்.”

அந்த ஞாயிறு எங்கள் தமிழ்ச் சபையில் ஜெபக் குறிப்புகள் வாசித்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் மகனுக்கு துபாய் விசா. அடுத்து, “நம் சகோதரி எஸ்தருடைய கட்டுரையைக் குறித்து உலகமெங்கும் அநேகர் எழுதும்படியாக” என்றார் பாஸ்டர். சபை மொத்தமும் கண்ணை மூடிற்று. நானும் தலையைக் குனிந்துகொண்டேன் (ஜெபத்துக்காக இல்லை).

நேர்காணலுக்குச் சில நாள் முன்னால் எண்ணிக்கை திடீரென்று இரண்டு மடங்கானது. மறுநாள் இன்னும் ஏறியது. யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று படிக்க எனக்கு ஏது நேரம்? ‘சர்வதேசக் கவனம் பெற்ற ஆய்வு’ என்று விண்ணப்பத்தில் சேர்த்து அனுப்பவும், வீட்டுக்குள் குதிக்கவுமே சரியாக இருந்தது. அப்பா பாஸ்டருக்குப் போன் போட்டார். நேர்காணல் திங்கட்கிழமை, அதற்கு முந்தைய ஞாயிறு, ஜெபம் பலித்ததை நான் சபையில் எழுந்து சாட்சியாகச் சொல்வது என்று முடிவாயிற்று.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, சாட்சியில் சொல்ல நல்லதாக ஒரு வரி எடுக்கலாம் என்று புதுக் கட்டுரை ஒன்றைப் போனில் திறந்தேன். (பக்கத்திலிருந்த அக்கா, நான் வேத வசனம் தேடுவதாக நினைத்திருப்பார்.) என் பெயர் இருந்தது. கூடவே, இந்த முடிவு தங்களுக்குக் கிடைக்கவில்லை, சோதனைக் குழாயில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் மட்டும் அப்படியே கிடைக்கிறது என்றும் இருந்தது. அடுத்ததைத் திறந்தேன். சோப்பு. அதற்கடுத்ததிலும் சோப்பு. நாவல்கொட்டை நொதியைத் தொடவே இல்லை. நான் சரியாக அலசாத குழாய்தான் எல்லாம் செய்திருக்கிறது.

நாளைக்கு நேர்காணலில் கேள்வி கேட்கப்போகிறவர்களில் ஒருவராவது இதைப் படித்திருக்க மாட்டாரா? “இப்போது சகோதரி எஸ்தர் சாட்சி சொல்லுவார்கள்” என்றார் பாஸ்டர்.

மைக்கைப் பிடித்தேன். “எல்லாரும் எனக்காக ஜெபிச்சீங்க. இப்ப நெறைய பேர் என் கட்டுரையப் பத்தி எழுதியிருக்காங்க.”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை.

பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அது தப்புன்னு எழுதியிருக்காங்க.”

“அல்லேலூயா!”

பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் கூட்டத்துக்கு உறைத்தது. முன்வரிசையில் அப்பா திறந்த வாயை மூடவில்லை. நான் திக்கித் திக்கி சோப்பு விவகாரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“வீட்லயும் அப்பிடித்தான். ஒரு தம்ளர ஒழுங்கா அலச மாட்டா!”

பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சபை அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை.

மறுநாள், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். “நாங்களும் படித்தோம்” என்றார்கள். பதவி உயர்வு கிடைக்கவில்லை. குழாய்களை நானே அலசி, எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்து, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்றைக்கு ரொம்ப அழுதேன். வேறு கட்டுரைகளின் புண்ணியத்தில் பதவி உயர்வு பிறகு வந்தது. ஆனால் இன்றைக்கும் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் குறிப்பிடுவது அந்தச் சோப்புக் கட்டுரையைத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு என் துறைத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். அந்த நேர்காணலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு சூடு ஆறக் காத்திருந்தார். அம்மாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டுவிட்டது.

“பயப்படாமக் குடிங்க சார். தம்ளர நான்தான் அலசுனேன்.”