புது ஸ்டீலுக்கு அம்மை போட்ட கதை

எங்கள் வீட்டு டீவி ரிமோட்டை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. அதைச் சுற்றியிருந்த பொலித்தீனைத்தான் தொட்டோம். சோபாவிலும் அப்படித்தான். பொலித்தீன் மேல் உட்கார்ந்துவிட்டு எழும்பும்போது வியர்வையில் ஒட்டி 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். வந்த விருந்தாளி வெட்கப்பட்டு அடுத்த தடவை வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார். (தேயிலையும் சீனியும் மிச்சம். இதில் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை.)

இது முழுக்க என்னுடைய ஆட்சி. கல்யாணமாகி மாத்தளைப் பக்கம் அலுவிகாரைக்கு வந்தபோது மாமியாரிடம் இந்தப் பழக்கம் அரைகுறையாகத்தான் இருந்தது. பிரிட்ஜின் மேல் ஒரு பூத்துணி, அவ்வளவுதான். நான் வந்துதான் மெத்தை, மின்விசிறி, மகளின் பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டி என்று எல்லாவற்றையும் உறைக்குள் கொண்டுவந்தேன். உறையைக் கிழிக்காதவரை ஒரு பொருள் புதுசு, கிழித்த நிமிஷமே பழசு என்பது என் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தம் ஒரு நாள் எங்கள் பிழைப்புக்கே தீ வைத்தது.

பிழைப்பு என்றால் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. ஏ-9 பாதை ஓரத்தில், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிக்காரர்களை நம்பி நடந்தது. என் கணவர் மோகன்தான் முதலாளி. பேசுவதைவிடத் தலையாட்டுவது அதிகம். ஆனால் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம், வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிய பெரிய ஏசி பஸ்கள் எங்கள் கடையைத் தாண்டிப் போய் வாசனைத் திரவியத் தோட்டங்களின் வாசலில் நிற்கும். இவர் கையில் மேசை துடைக்கும் துணியோடு கடை வாசலில் நின்று அவற்றைப் பார்ப்பார். அதில் ஒரு பஸ்ஸாவது ஒரு நாளைக்கு இங்கே நிற்காதா என்ற ஏக்கம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

அது நடக்கும்போல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கொழும்பிலுள்ள ஒரு சுற்றுலாக் கம்பெனி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பஸ்களை எங்களிடம் அனுப்பச் சம்மதித்தது. இரண்டே நிபந்தனை: சமைக்கிற குசினி முழுக்க ஸ்டீலாக இருக்க வேண்டும், அவர்களுடைய மேடம் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இவர் கடன் வாங்கினார், விறகு அடுப்பை உடைத்தார், கரி பிடித்த சுவருக்கு வெள்ளை அடித்தார். கல்யாண மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட அவர் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

லொறியில் சாமான் வந்து இறங்கியது. பல வாய் வைத்த கேஸ் அடுப்பு, நீளமான தோசைக்கல், புகைக்கூடு, மேசைகள், கழுவுதொட்டிகள். அத்தனையும் நீலமும் வெள்ளையுமாகப் பொலித்தீன் உறைக்குள் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே இடத்தில் இவ்வளவு உறையை நான் அதுவரை பார்த்ததில்லை.

பொருத்த வந்த பையன் வேலையை முடித்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "அக்கா, அடுப்பு பத்த வைக்க முந்தி இந்த ஒறையெல்லாம் எடுத்துடுங்க. சவர்க்காரத் தண்ணியால ஸ்டீல்ல கோடு ஓடுற பக்கமாவே தொடைச்சு, ஒடனே காஞ்ச துணியால ஈரத்த எடுத்துடணும். குளோரின் போடாதீங்க, கம்பி போட்டுத் தேய்க்காதீங்க, உப்பு கிடக்க விடாதீங்க."

"சரி தம்பி," என்றேன். டொக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லும்போது நாமெல்லாம் ஒரு தலையாட்டல் ஆட்டுவோமே, அதே தலையாட்டல்தான்.

அவன் போனதும் இவர் அடுப்பின் மூலையில் நகத்தை வைத்தார்.

"என்னங்க, என்ன செய்றீங்க?"

"தம்பி சொன்னாருல்ல, எடுக்கணும்னு."

"நாளான்னைக்கு மேடம் வர்றாங்க. ஒறையோட இருந்தாத்தானே புதுசுன்னு தெரியும்? எடுத்துட்டா, எங்கயோ பழைய சாமான் வாங்கிப் போட்டிருக்காங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

அவர் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தாலே நான் பாதி ஜெயித்த மாதிரி.

"நாளைக்கு சமைச்சுப் பாக்கணுமே சாந்தி. சூடு படுமே?"

"நெருப்புப் படுற எடத்துல மட்டும் வெட்டி எடுப்போம். நான் என்ன மடச்சியா?"

(இந்தக் கேள்விக்கு அவர் அன்று பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.)

கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு அடுப்பு வாயைச் சுற்றியும், ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவதுபோல் வட்டவட்டமாக வெட்டினேன். மற்ற இடமெல்லாம் உறை பத்திரமாக இருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் எங்கள் சமையல்காரர் ராசு மாஸ்டர் எல்லா அடுப்பையும் ஒன்றாகப் பற்றவைத்தார். இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த மனிதர், கேஸைக் கண்டதும் குழந்தையாகிவிட்டார். எதையும் குறைத்து எரிக்கவில்லை. சாம்பார் கொதித்தது, தோசைக்கல் காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசம் வந்தது.

"மாஸ்டர், சாம்பார்ல என்ன போட்டீங்க?"

"பெருங்காயம் அக்கா."

"பெருங்காயம் இப்படியா மணக்கும்?"

வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லொறிக்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார், எழும்பினார், கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தன் லொறியின் டயர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் நான் அடுப்பின் பின்தகட்டைப் பார்த்தேன். உறை அப்பளமாகப் பொங்கி, பழுப்பாகிச் சுருண்டுகொண்டிருந்தது. புகைக்கூட்டில் இருந்த உறை உருகி நூல் நூலாக இறங்கித் தோசைக்கல்லில் சொட்டியது. மாஸ்டர் அதற்கு மேலேயே ஒரு தோசையும் ஊற்றியிருந்தார்.

அடுப்பை அணைத்தோம். சாம்பாரைக் கொட்டினோம். இப்போது உறையை எடுக்க வேண்டுமென்று எனக்கே தோன்றியது. சூடு படாத இடத்தில் அழகாக உரிந்து வந்தது. சூடு பட்ட இடத்தில் கருகிய பசையாக ஸ்டீலோடு ஒட்டிக் கிடந்தது, நகத்துக்கும் வரவில்லை, கத்திக்கும் வரவில்லை.

எங்கள் ஊரில் அரசியலில் அபிப்பிராயம் இல்லாத ஆளைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், சுத்தம் செய்வதில் அபிப்பிராயம் இல்லாத ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. செய்தி கேட்டு வீட்டிலிருந்து மாமி, இவருடைய அம்மா, வந்தார். "குத்துவெளக்குக்குப் போடுற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய். பித்தளையே பளிச்சுன்னு வருது, இது வராதா?" என்றார். ராசு மாஸ்டர் குளோரின் என்றார். கிணற்றுக்கே போடுகிறோம், அடுப்புக்கு என்ன வந்தது என்பது அவர் வாதம். என் நம்பிக்கை பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளில். இவர் மட்டும் மெதுவாக, "கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிப் பார்ப்பமா?" என்று கேட்டார்.

"புது ஸ்டீல்ல எண்ணெயா? கொஞ்சமாவது புத்தியோட பேசுங்க!"

ஆக அவருடைய யோசனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். முதலில் கம்பிச் சுருளால், வட்டம் வட்டமாக, தோள் வலிக்கும்வரை. பிறகு புளியும் உப்பும். பிறகு வாளி நிறையக் குளோரின் தண்ணீர். பசை கொஞ்சம் அசைந்தது. உற்சாகம் தாங்காமல், குளோரினில் நனைத்த சாக்குகளை அடுப்பு, மேசை, பின்தகடு எல்லாவற்றின் மேலும் விரித்துவிட்டு, "காலையில வரைக்கும் ஊறட்டும்" என்று உத்தரவிட்டுக் கடையைப் பூட்டினேன். பொருத்த வந்த பையன் வேண்டாமென்று சொன்ன ஒவ்வொன்றையும், அவன் சொன்னதைவிட ஒழுங்காகச் செய்திருந்தேன்.

காலையில் சாக்கை எடுத்தேன். ஸ்டீல் முழுக்கச் செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் துரு பூத்திருந்தது. சில புள்ளிகள் தனித்தனியாக, சில கூட்டமாக. நடுவில் நான் தேய்த்த வட்டக் கீறல்கள்.

மாமி கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா போட்டிருக்கு," என்றார்.

"ஸ்டீலுக்கா மாமி?"

"புதுச் சாமான். எத்தன பேரு கண்ணு பட்டுச்சோ. வேப்பிலை வச்சுப் பாப்பமா?"

ஒரு நிமிஷம் நான் உண்மையிலேயே யோசித்தேன். (மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டதை இவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.) இவர் ஒரு புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் துரு ஒட்டியது. அதைச் சட்டையில் துடைத்தார். அது மேடம் வருகிறார் என்று போட்டிருந்த புதுச் சட்டை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேடம் மாத்தளை டவுனைத் தாண்டிவிட்டாராம்.

அப்போதுதான் என் மூளை, நடந்ததெல்லாம் போதாதென்று, தன் கடைசி வேலையைக் காட்டியது. சோற்றுப் பார்சல் கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாள், லஞ்ச்ஷீட், எங்கள் கடையில் கட்டுக்கட்டாக இருக்கும். அதை எடுத்து அடுப்பின் பக்கங்களிலும் பின்தகட்டிலும் மேசைகளிலும் ஓரத்துக்கு ஓரம் இழுத்துப் பிடித்து ஒட்டினேன். சுருக்கம் இல்லை, குமிழ் இல்லை. பரிசுப் பொருள் மாதிரி இருந்தது. எட்டி நின்று பார்த்தால் கம்பெனி உறைதான். உள்ளே துரு லேசாகத் தெரிந்தது, லைட் ஒன்றை அணைத்தேன்.

மேடம் நல்ல மனுஷி. பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, சிரித்த முகம். குசினிக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இன்னும் விரிந்தது.

"அட, எல்லாம் புத்தம் புதுசு. உறைகூட இன்னும் எடுக்கலயே!"

"ஆமா மேடம். ஒங்களுக்காகத்தான் அப்படியே வச்சிருக்கோம்."

சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"எனக்காகவா?" அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்போ நானே திறந்து வைக்கட்டுமா? எனக்கு சின்ன வயசிலருந்தே இத உரிக்கிறதுன்னா பைத்தியம்."

உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நான் "வேணாம்" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் மூலையைப் பிடித்து, கடைத் திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி, ஒரே இழுப்பாக இழுத்தார்.

பின்தகடு முழுதும் வெளியே வந்தது.

மேடம் அதைப் பார்த்தார். கையிலிருந்த உறையைப் பார்த்தார். விரலால் கசக்கினார். "இது லஞ்ச்ஷீட்தானே?" என்றார்.

நிலைமையைக் காப்பாற்ற மாமி முன்னால் வந்தார்.

"அம்மா போட்டிருக்கு மேடம். அடுப்புக்கு. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிடும்."

மேடம் கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இவரைப் பார்த்து மட்டும், "மன்னிச்சுக்கங்க மோகன். ரெண்டு நாள்ல புது அடுப்புக்கே இந்தக் கதின்னா, இதுல சமைக்கிறத நான் எப்படி எங்க ஆக்களுக்குக் குடுக்கிறது?" என்றார். சாப்பிடாமலே கிளம்பினார். தண்ணீர் போத்தல் ஒன்று மட்டும் வாங்கி, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தார். உறையின் அருமை அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பஸ்கள் வேறொரு கடைக்குப் போயின. இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, சண்டையை முடித்திருப்பேன். அன்று மத்தியானமும் வழக்கம்போல் வாசலில் போய் நின்றார். முதல் பஸ் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போனது. பின்னாலிருந்து அவருடைய கழுத்தைத்தான் பார்த்தேன். அந்த மனுஷனுடைய ஒரே ஆசையை நான் கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் நினைத்தால் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கத்தரிக்கோலை எடுத்தார். சோபா, பிரிட்ஜ், மின்விசிறி, மெத்தை, ஒவ்வொன்றாக உறையைக் கிழித்தார். மகள் கைதட்டினாள். கடைசியாக ரிமோட். அதன் பொத்தான்கள் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தன. டீவிதான் அதற்குள் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"இதெல்லாம் யாருக்கு சாந்தி வச்சிருக்கோம்?" என்று கேட்டார்.

மறுநாள் கடைக்குப் போய்ப் பசை ஒட்டிய இடத்தில் தேங்காயெண்ணெய் தடவி, கொஞ்சம் விட்டு, துணியால் துடைத்தார். சுத்தமாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். துருவையும் இவரும் மாஸ்டரும் ஏதோ களிம்பு போட்டு எடுத்தார்கள். நான் தேய்த்த வட்டக் கீறல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் இப்போது தினமும் நானே சவர்க்காரத் தண்ணீரால் கோடு ஓடுகிற பக்கமாகத் துடைத்து, உடனே ஈரத்தை எடுக்கிறேன். குளோரின் போத்தலோடு யாராவது குசினிக்குள் வந்தால் அன்றைக்கு அவருக்கு என்னிடம் அர்ச்சனைதான்.

மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. மருமகன் பல்லேபொலப் பக்கத்து ஆள், கூச்ச சுபாவம். முதல் தடவை வந்தபோது சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ஆமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் என் காதில் விழும்படியாக, "மாப்பிள்ளைக்கு இன்னும் ஒறை எடுக்கல," என்றார். மாமி உள்ளேயிருந்து, "அடுப்புக்குப் பக்கத்துல ஒக்கார வச்சிடாதீங்க!" என்று குரல் கொடுத்தார். என் வீட்டில் எனக்குப் பெயர் இப்போது சாந்தி இல்லை, மேடம்.

போன மாதம் கடைக்கு இன்னொரு ஸ்டீல் மேசை வாங்கினோம். லொறியிலிருந்து இறக்கி வைத்ததும் ராசு மாஸ்டர், மாமி, மகள், மருமகன் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். இவர் உறையின் மூலையை நிமிண்டி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மேடம், நீங்களே திறந்து வைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். 'சர்ர்' என்று எங்கேயும் கிழியாமல், முழுசாக, பெரிய துண்டாக வந்தது. அந்த நேரம் ஏசி பஸ் ஒன்று கடையைத் தாண்டிப் போனது. இவர் அதைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடு சாந்தி, குப்பையில போட்றேன்."

"வேணாங்க. நானே போட்றேன்."

நாலாக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். புத்தம் புதுசாக இருக்கிறது.