ஒன்பதாம் பாகத்தின் பரம எதிரி

இரண்டாம்பாக விரோதி என்றொரு மனித இனம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் என்ன, உங்கள் வீட்டு மாடியிலேயே ஒருவர் குடியிருக்கலாம். வீடியோ கேம் கம்பெனிக்காரர்கள் புதிதாக எதையும் யோசிப்பதில்லை, ஒருமுறை ஓடிய ஆட்டத்துக்கே இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு விற்கிறார்கள், அதனால் ஒரு நல்ல கலை கண்முன்னே நாசமாகிறது என்பது இவர்களுடைய கவலை. கவலை நியாயமானதுதான். கவலைப்படுகிற ஆள்தான் கொஞ்சம் இடிக்கிறார்.

நல்ல மாதிரி ஒன்றைக் காட்டுகிறேன். பெயர் ஆபேல். ஊர் குலசேகரம். வயது நாற்பத்தொன்று. தனியார் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர். இருபது வருடமாக விளையாடி விரல் தேய்ந்தவர் என்பதால் எங்கள் மாவட்டத்து கேமர்கள் இருநூற்று நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் நன்று என்றால் நாங்கள் வாங்குவோம். குப்பை என்றால், எவ்வளவு குப்பை என்று பார்ப்பதற்காக வாங்குவோம்.

புதுமை மீது அவருக்கு இருக்கும் பற்று சாதாரணமானதல்ல. சர்ச்சில் இடது பக்கம் நான்காவது பெஞ்சு, மின்விசிறிக்கு நேர்கீழே. அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் அன்றைய பிரசங்கமே அவருக்குப் பிடிக்காமல் போய்விடும். பைக் ஒரே கம்பெனியில் மூன்றாவது வண்டி, நிறம்கூட மாறவில்லை. கிறிஸ்துமஸ் கேக் ஒரே பேக்கரி. முதல் பையனுக்கு எட்சன் என்று பெயர் வைத்தார். இரண்டாவது பையன் பிறந்தபோது ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து எபிசன் என்று வைத்தார். இப்படிப்பட்டவர்தான், கடல் கடந்து எங்கோ உட்கார்ந்து ஆட்டம் செய்கிறவனுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று மனம் நோகிறார்.

அவர் அதிகமாக நொந்துகொள்வது கோட்டை பிடிக்கும் வீரன் ஒருவனின் ஆட்டத்தைப் பற்றி. முதல் பாகத்தில் அவன் ஒரு கோட்டையைப் பிடித்தான். இரண்டாம் பாகத்தில் பெரிய கோட்டை. மூன்றில் பனிமலைக் கோட்டை, நான்கில் பாலைவனக் கோட்டை. ஐந்தில் இறந்துபோனான், ஆறில் எழுந்து உட்கார்ந்து குதிரை எங்கே என்று கேட்டான். ஒன்பதாம் பாகம் வரப்போகிறது என்று ஒரு ஜூன் மாதம் அறிவித்தார்கள்.

அப்படி ஓர் அறிவிப்பு வந்ததும் ஆபேல் செய்கிற சடங்குகளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு குழுவில் பதினோரு நிமிடத்துக்குக் குறையாத ஒரு குரல்பதிவு. "லேய் மக்கா, ஒனக்கெல்லாம் வெக்கமே இல்லியாலே? ஒரே வீடு, பெயிண்டு மட்டும் மாத்தி மாத்தி அடிச்சு நம்ம தலையில கெட்டுதானுவ. நாம வாங்கிய கொண்டுதானே அவனும் செய்யுதான்? ஒருத்தனும் வாங்கப்பிடாது கேட்டியளா" என்று தொடங்கும். அந்தப் பதிவு முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள், அவர் முன்பதிவு செய்து முடித்திருப்பார். அதுவும் சாதாரணப் பதிப்பு இல்லை. குதிரைக்குச் சிவப்புப் போர்வை தனியாகக் கிடைக்கும் சிறப்புப் பதிப்பு.

அவர் மனைவி ஆன்ஸ்லின் பள்ளிக்கூட ஆசிரியை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டார். "இவ்வளவு ஏச்சு ஏசுதீங்களே, அதக் களிக்காம இருந்தா என்ன?" எங்கள் ஊரில் களிப்பது என்றால் விளையாடுவது.

"களிச்சாத்தானே ஏச முடியும்? சும்மா ஏசுனா அது நியாயமா?" என்றார் ஆபேல்.

எவ்வளவு நேர்மை பாருங்கள்.

எங்கள் ஜங்ஷனில் கேம் சிடியும் கன்ட்ரோலரும் விற்கும் ஜான்ரோஸ் மஸ்கட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் போய் ஆபேல் இதைப் பற்றிச் சண்டை போடுவார். ஜான்ரோஸ் கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார்: "வேய், ஒரு ஆட்டம் செய்ய ஆயிரம் பேரு அஞ்சு வருசம் இருக்கணும். புதுசா ஒண்ணு செஞ்சு அது ஓடலன்னா அம்புட்டு பேரும் வீட்டுக்குப் போணும். பயப்படாம என்ன செய்வான்? புதுசு நானும் மூணு கொண்டு வச்சேன். நீரு வாங்குனீரா?" ஆபேல் அந்த மூன்றையும் எடுத்து, பின்பக்கம் படித்து, "நல்ல முயற்சி" என்று பாராட்டி, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்தவர். பாராட்டுக்கு அவரிடம் எப்போதும் குறைவில்லை.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிளஸ்ஸி வந்தாள்.

பிளஸ்ஸி எங்கள் ஊர்ப் பெண், இருபத்தேழு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் கணினி வேலை. ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, வீட்டில் உட்கார்ந்து, தனியாக ஓர் ஆட்டம் செய்திருந்தாள். பெயர் 'முந்நூறு மரம்'. விடியற்காலையில் ஒரு பெண் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறாள். முந்நூறு மரத்திலும் பட்டையைக் கீறி, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் பால் நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும். மேற்கே மழை கறுத்து வருகிறது. மழை முந்திக்கொண்டால் பால் தண்ணீரோடு போய்விடும். இடையில் வீட்டுக்கு ஓடிவந்து மகளுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூட வண்டியிலும் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். இப்படி ஒன்று இதுவரை நான் பார்த்ததில்லை.

அவள் ஆபேலை வீடு தேடிப் போய்ப் பார்த்தாள். நானும் அன்று அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை ஆன்லைன்ல வருது. ஒரு மாசத்துக்குள்ள நூறு பேரு களிச்சு, நல்லதோ கெட்டதோ ரெண்டு வரி எழுதணும். அப்பிடின்னா பெங்களூர்ல ஒரு கம்பெனி என் அடுத்த ஆட்டத்துக்கு ஒதவுதம்னு சொல்லியிருக்கு. மண்டைக்காட்டுத் திருவிழாக் கூட்டத்துல காணாமப் போன பிள்ளையத் தேடுத ஆட்டம். நூறு வரலன்னா நான் ஆபீஸ்ல பழைய சீட்டுக்கே போணும். நீங்க ஒரு மணிக்கூர் களிச்சு குரூப்புல ஒரு வார்த்தை சொன்னாப் போரும்."

ஆபேலின் முகம் மலர்ந்துவிட்டது. "இதத்தானே மக்கா நான் இருவது வருசமா கேக்கேன். இதுல கத்தி உண்டா?"

"பால்வெட்டுக் கத்தி உண்டு அண்ணா."

"அது போரும். நீ தைரியமாப் போ. மொத ஆளு நான்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதை அவர் மனதாரச் சொன்னார். ஆனால் ஒன்பதாம் பாகமும் அதே வெள்ளிக்கிழமைதான் வந்தது. மனிதன் என்ன செய்வான், சொல்லுங்கள்? நல்லதைப் பாராட்ட எப்போது வேண்டுமானாலும் நேரம் உண்டு, கெட்டதை உடனே கண்டிக்க வேண்டாமா? வயிற்றுவலி என்று கல்லூரிக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். கோட்டைகளைப் பிடித்தார். குதிரைக்குப் போர்வை போர்த்தினார். சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஆன்ஸ்லின், "அந்தப் பிள்ளைக்க ஆட்டம் என்னாச்சு?" என்று கேட்டபோதெல்லாம் "இதத் தீத்துட்டு" என்றார். மூன்று வாரத்தில் எழுபது மணிநேரம் ஆடித் தீர்த்துவிட்டு, குழுவில் பதினெட்டு நிமிடம் பேசினார். எட்டாம் பாகத்தில் இருந்த அதே பாலம், அதே காவல்காரன், அதே இருமல். "இதோட முடிஞ்சு. இனியொண்ண நான் வாங்குனா என் பேர மாத்திக்கிடுங்க" என்றார். ஏழிலும் எட்டிலும் இதையே சொல்லியிருக்கிறார். இன்றுவரை அவர் ஆபேல்தான்.

குழுவில் நாங்கள் அதைப் பற்றி மேலும் நான்கு நாள் சண்டை போட்டோம். ஏழுதான் உசத்தி என்று ஒரு கட்சி, ஐந்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று ஒரு கட்சி. அந்த அமளிக்கு நடுவில் பிளஸ்ஸி, 'எல்லாருக்கும் வணக்கம். இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. முடிஞ்சா களிச்சுப் பாருங்க' என்று ஒரு செய்தி போட்டாள். பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு மறுபடியும் கோட்டைக்குப் போய்விட்டோம்.

ஆறாவது வாரம், கெடுவும் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஆபேல் கடைசியாக 'முந்நூறு மர'த்தைத் திறந்தார். பத்து நிமிடம் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தார். அவர் அம்மா பால்வெட்டுக்குப் போனவள். இருநூற்றுப் பத்தாவது மரத்தில் மழை வந்துவிட்டது. அந்தப் பெண் தன் சேலைத் தலைப்பால் ஒரு சிரட்டையை மூடிக்கொண்டு நின்றாள். ஆபேல் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார், சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை என்று ஆன்ஸ்லின் சொன்னார். கறி ஆறிப்போனதாம். முழுவதையும் ஆடி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே பிளஸ்ஸிக்குப் போன் போட்டார்.

"மக்கா, நல்லாப் பண்ணியிருக்க. நான் அழுதுட்டேன் கேட்டியா. ஒண்ணு மட்டும் சொல்லு. இதுக்கு ரெண்டாம் பாகம் எப்போ? அதுல அறுநூறு மரம் வையி. கூட ஒரு குதிரையும் இருந்தா நல்லாருக்கும்."

அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, நான் திருவனந்தபுரம் போய்க்கிட்டு இருக்கேன். நாளைக்கு டூட்டி" என்றாள் பிளஸ்ஸி. "மொத பாகத்த முப்பத்தொரு பேருதான் களிச்சாவ. அதுல ஒண்ணு எங்க அம்மை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மண்டைக்காட்டில் காணாமல் போன அந்தப் பிள்ளையை இனி யாரும் தேடப்போவதில்லை என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆபேலைச் சொல்லிச் சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். அந்த முப்பத்தொரு பேரில் நான் இருந்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள். பிறகு ஆடலாம் என்று பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். பட்டியலில் இன்னும் இருக்கிறது. எனக்கு வீடியோ கேம் பழக்கமே இல்லை என்று நீங்கள் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் ஹோட்டலில் மெனு அட்டையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, சர்வரிடம் நீங்கள் சொன்னது என்ன? எப்போதும் சொல்கிற அதேதானே? இதைப் படித்துக்கொண்டு வந்தபோது, இந்த ஆபேலை வைத்தே இன்னும் ஒன்று எழுதலாமே என்று எங்காவது ஓர் இடத்தில் தோன்றியதா? தோன்றியிருந்தால் கூச்சப்பட வேண்டாம். பத்தாம் பாகத்துக்கு நேற்று முன்பதிவு தொடங்கிவிட்டது. வரிசையில் ஆபேலுக்கு அடுத்து நான் நிற்கிறேன்; எனக்குப் பின்னால் உங்களுக்கு இடம் இருக்கிறது.