ரோட்டைப் பார்த்த வீட்டில் பிரசவம் வேண்டாம்

திருப்பதி ரோடு, சித்தூர்.

ராமகுப்பம் சம்பந்தி கமலக்கண்ணன் அவர்களுக்கு, பச்சையப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் பத்மாவதியும் இருமலைத் தவிர மற்றபடி சுகம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், மாசமாக இருக்கும் எங்கள் ஹரிதாவும், தங்கள் பட்டுப்புழுக்களும் சுகம்தானே? போனில் பேசினால் பாதி லாரிச் சத்தத்தில் போகிறது, மீதி என் இருமலில் போகிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது கேட்டால் இன்னும் அசிங்கம். இலவச மூச்சு முகாமில் நர்ஸம்மா ஒரு குழாயைக் கொடுத்து, பலமாக ஊதச் சொல்லி, "கட்டிகா ஊதண்டி" என்றார். ஊதினால் உள்ளே ஒரு முள் நகர வேண்டுமாம். நான் இளநீர் குடிக்கிற நினைப்பில் உறிஞ்சிவிட்டேன். மறுபடி ஊதினேன், முள் எழுந்திருக்கவே யோசித்தது. எனக்கு அடுத்து ஊதிய பள்ளிக்கூடத்துப் பெண் அதை விரட்டியடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வீடு எங்க?" என்றார் டாக்டர். "ரோட்டு மேலயே சார்!" என்றேன், சம்பந்தம் பேசும்போது தங்களிடம் சொன்ன அதே பெருமையோடு. "அதான்" என்றார்.

அந்த 'அதான்' என்னவென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்துக்கடையில் அதே மாதிரி குழாய் ஒன்று வாங்கிவந்து அக்கம்பக்கத்தையே ஊத வைத்தேன். ரோட்டோரம் பஞ்சர் ஒட்டுகிற கங்கையா ஆள் மலை மாதிரி. முள் என் அளவுக்குத்தான் வந்தது. பின்தெருவில் எருமை வைத்திருக்கும் பாப்பாத்தி என்னைவிட மூத்தவர். அவர் ஊதியதும் முள் மேலே போய் முட்டிக்கொண்டது. "இன்னொரு தபா ஊதட்டா, தம்பி?" என்கிறார்! அப்போதும் நம்பாமல், வெள்ளைத் துண்டு ஒன்றை இரண்டாகக் கிழித்து, நனைத்து, ரோட்டு ஜன்னலில் பாதி, பின்ஜன்னலில் பாதி கட்டினேன். சில நாளில் முன்துண்டு அடுப்புத் துடைத்த துணி. பின்துண்டில் காக்காய் கால் தடம் மட்டும். குழாயை ஆளுக்கொரு தரம் வெந்நீரில் கழுவிச் சலித்துப்போயிருந்த பத்மாவதி, "நகரியில தறி ஓட்டி பஞ்சத் துன்னுட்டு இருமின. அது ஆவாதுன்னு இங்க வந்து லாரிப்புகைய துன்னுக்கினு கீற. ருசி மாத்தவா வந்த?" என்றாள்.

விஷயம் இதுதான். ஹரிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, தங்களுக்கே தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று தங்களிடம் மல்லுக்கு நின்றவன் நான். அதே நான் கேட்கிறேன்: அவள் அங்கேயே இருக்கட்டும். அவளுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் அந்த ஊர்க் காற்றுதான் நல்லது. மகளைக் கூப்பிடாத அப்பன் என்று பேசுகிறவர்கள் பேசட்டும்; பேச எவ்வளவு மூச்சு இருக்கிறதென்று ஊத வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். புழுக்கள் நன்றாகத் தின்று கூடு கட்டட்டும்.

இப்படிக்கு,
பச்சையப்பன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ. ஹரிதா பையோடு இறங்குகிறாள், மாப்பிள்ளை பின்னால். "அம்மா கையால துன்னணும் போல கீது நைனா. மாமாவே போயிட்டு வான்னுட்டாரு" என்றாள், தங்களைத்தான். படியேறுவதற்குள் மூச்சு வாங்கியது. "இன்னா நைனா, வாசல்லயே நிக்கற? நான் வந்தது புடிக்கலியா?" "பையக் குடும்மா" என்று வாங்கிக்கொண்டு, பின்ரூமில் இருந்த என் கட்டிலை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். 'திரும்பிப் போயிடு, கண்ணு' என்று மட்டும் சொல்லவில்லை.